அண்ணிக்கு ஒரு மைக்

எழுபத்தோரு மணி நேரம். திங்கள்கிழமை காலை பதினொன்றுக்கு வாங்கி, வியாழக்கிழமை காலை பத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் மூன்று மைக்குகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று சவுண்ட் சர்வீஸ்காரர் வாசலில் செருப்பைக் கழற்றாமலே சொல்லிவிட்டார்.

"வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு பொதுக்கூட்டம் இருக்கும்மா. மைக் இல்லாம போய் நின்னா, என் வாயிலயே பேசச் சொல்லுவாங்க."

மைக் பெட்டியை வாங்கிக்கொண்டவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"பொண்ணு பேசாதா?" என்று அவர் உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"அது எப்பவும் மியூட்லதாண்ணே இருக்கும்" என்று உள்ளிருந்து அண்ணன் குரல் கொடுத்தான். "நீங்க சொன்னது ஏறியிருக்கும். கவலைப்படாதீங்க."

மியூட் என்பது அண்ணன் வைத்த பெயர். டிவி ரிமோட்டில் அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்த வயதில் தங்கைக்கு வைத்தான். அவள் இயற்பியல் படித்து முடித்து, ஒரு பிஸ்கட் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, தனி மேசை வாங்கிய பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. அவளுக்கும் அதில் வருத்தம் இல்லை. பேசாதவளிடம் யாரும் அதிகம் கேட்பதில்லை. நாள் முழுவதும் அளப்பதற்கு நேரம் கிடைக்கிறது.

மைக் அவளுக்கு இல்லை, அண்ணிக்கு.

அண்ணி பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். பதினொரு வருடமாக எந்த வண்டி எந்த நடைமேடையிலிருந்து புறப்படுகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். வெண்கலக் குரல். வீட்டில் "சாப்பாடு ரெடி" என்றால் மேல் மாடியில் இருப்பவர்களும் கை கழுவப் போவார்கள் என்று அண்ணன் சொல்வான். அந்த அண்ணிக்குத்தான் குழந்தைகளைத் தூங்க வைக்கும் ஒரு செயலிக்காரர்கள் பன்னிரண்டு தாலாட்டுகள் பாடித் தரும்படி எழுதியிருந்தார்கள். வீட்டிலேயே பாடிப் பதிவுசெய்து அனுப்பினால் போதும். ஆனால் பதிவு சுத்தமாக இருக்க வேண்டும்.

மாதிரிக்கு முதல் தாலாட்டை இரண்டு முறை அனுப்பியாயிற்று. இரண்டு முறையும் திரும்பி வந்தது. 'ச' வரும் இடமெல்லாம் சீறுகிறது, உரக்கப் பாடும் இடத்தில் பிசிறடிக்கிறது, பின்னால் ஏதோ மோட்டார் ஓடுகிறது என்று எழுதியிருந்தார்கள். மூன்றாவது பதிவு வியாழக்கிழமை மாலைக்குள் வர வேண்டும். அதுவும் சரியில்லை என்றால் வேறு பாடகியைப் பார்த்துக்கொள்வார்கள்.

"இத்தனை வருஷமா என் குரலைக் கேட்டவங்க எல்லாம் பையைத் தூக்கிட்டு ஓடத்தான் செஞ்சிருக்காங்க" என்று அண்ணி அந்தக் கடிதத்தைப் படித்த அன்று சொன்னாள். "ஒரே ஒரு பிள்ளையாவது கேட்டுட்டுக் கண்ணை மூடணும் மியூட்டு. அதுக்காகத்தான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு மியூட்டின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிஸ்கட் கம்பெனியில் அடுப்புகளைப் பழுது பார்க்க நாலு நாள் விடுமுறை விட்டதும், மியூட் நேராகச் சவுண்ட் சர்வீஸ் கடைக்குப் போனது அந்தப் பார்வையால்தான்.

மைக்குகள் மூன்றும் மூன்று விதம். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியது ஒல்லியாக இருந்தது. பக்கத்து வீட்டில் தீக்குச்சி உரசினாலும் இதற்குக் கேட்கும். பச்சை தடியானது, வலைக்குள் தங்க நிறத்தில் ஒரு தகடு தெரியும். மெல்லிய குரலைக்கூட இழைத்துக் கொடுக்கும். மஞ்சள் மேடையில் கையில் பிடித்துப் பாடுவது. கனமான இரும்புக் குண்டு. வாய்க்கு நேரே வரும் சத்தத்தை மட்டும் வாங்கும், மற்றதைக் காதில் போட்டுக்கொள்ளாது.

எது அண்ணிக்குப் பொருந்தும் என்று மியூட்டுக்கு ஒரு யூகம் இருந்தது. ஆனால் யூகத்தை யாரிடமும் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. சோதித்துவிட்டுத்தான் சொல்வாள்.

வீட்டின் பின்னறையில் துணி அலமாரியைத் திறந்து வைத்தாள். தொங்கும் துணிகள் எதிரொலியை விழுங்கும். மெத்தையைச் சுவரில் சாய்த்தாள். கதவில் கம்பளியைத் தொங்கவிட்டாள். எம்ப்ராய்டரி வளையத்தில் நைலான் துணியை இறுக்கி, மூச்சுக்காற்று மோதாதபடி மைக்கின் முன்னால் கட்டினாள். வாய்க்கும் துணிக்கும் நான்கு விரல் இடைவெளி. ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கி, திரும்பச் செருக மறந்துபோகக்கூடாது என்று துப்பட்டா நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

ஒலி அளவைச் சரிசெய்ய யாராவது பாட வேண்டும். அண்ணி வர இன்னும் நேரம் இருந்தது. அண்ணன் வேலைக்குப் போய்விட்டான். மியூட் அறைக்கதவைச் சாத்தினாள். தாலாட்டின் முதல் இரண்டு வரியைத் தானே பாடினாள்.

"சாயங்காலம் சன்னல் சாத்திச் சாஞ்சிருக்கு, சத்தமெல்லாம் செருப்பைக் கழட்டி வெச்சிருக்கு."

அவள் பாடுவாள் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அவள் யாரிடமும் கற்றுக்கொண்டதும் இல்லை. அண்ணி இந்த வீட்டுக்கு வந்து ஏழு வருடம். பாத்திரம் துலக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அண்ணி வாய்க்குள்ளேயே முனகிக்கொள்வாள். பஸ் நிலையம் அறியாத குரல் அது. தனக்கு மட்டும் பாடிக்கொள்வது. சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து புத்தகம் படிப்பதுபோல் படித்துக்கொண்டு, மியூட் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். எங்கே மூச்சு விடுகிறாள், எந்த எழுத்தில் இழுக்கிறாள், எங்கே வார்த்தையை முடிக்காமல் விட்டுவிடுகிறாள் என்பதெல்லாம் சேர்ந்து வந்துவிட்டது.

சிவப்பில் பாடினாள், அளவு வைத்தாள், பதிவை அழித்தாள். மஞ்சளிலும் அப்படியே. கடைசியாகப் பச்சை. பாடி முடித்துத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. அண்ணி. அன்றைக்கென்று சீக்கிரம் வந்துவிட்டாள். மியூட் ஹெட்போனைப் பிடுங்கி வைத்துவிட்டு ஓடினாள். பச்சைப் பதிவு அழியாமல் அங்கேயே இருந்துவிட்டது.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இந்தக் கட்டடத்து லிஃப்டும் அவன் பொறுப்புதான். இரண்டாவது பதிவில் ஓடிய மோட்டார் அந்த லிஃப்டுடையது என்று தெரிந்ததும் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்று மணிக்கு வந்து, லிஃப்டை நிறுத்தி, 'பழுது பார்க்கப்படுகிறது' என்ற பலகையை மாட்டிவிட்டுப் படியில் காவலுக்கு உட்கார்ந்தான்.

ஐந்தாவது மாடி டெய்லர் அக்கா இரண்டு கையிலும் துணி மூட்டையோடு வந்து நின்றாள்.

"காலையில நல்லாத்தானே ஓடிச்சு?"

"ஆமாக்கா. நல்லா ஓடும்போதே பாத்துடறது நல்லது."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு தாலாட்டு முடியற வரைக்கும்."

டெய்லர் அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மூட்டையைப் படியிலேயே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

அண்ணி மூன்று மைக்குகளிலும் அதே இரண்டு வரியை இரண்டிரண்டு முறை பாடினாள். ஆறு பதிவுகள். பாடும்போது அண்ணிக்குக் கை பேசும், தோள் பேசும். மைக்கைப் பார்த்ததும் குரல் தானாக எழுந்து நின்றுவிடும், பதினொரு வருடப் பழக்கம். ஒலி அளவைக் காட்டும் ஊசி சிவப்புக் கோட்டைத் தொடுவதை மியூட் பார்த்தாள். குறித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்குத் தேர்வு.

பிஸ்கட் கம்பெனியில் புது பிஸ்கட்டைச் சுவைத்துப் பார்ப்பவர்களிடம் எது எந்த வகை என்று சொல்லமாட்டார்கள். தட்டில் மூன்று இலக்க எண் மட்டும் ஒட்டியிருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்தால் முதலில் இருப்பதுதான் உசத்தி என்று மனசு சொல்லும். அதனால் 417, 862 என்று கலைத்துவிடுவார்கள். தட்டைத் தூக்கி வருபவருக்கும் விவரம் தெரியக்கூடாது. அவர் முகம் காட்டிக்கொடுத்துவிடும். மியூட் அதையே இங்கும் செய்தாள். கணினியில் ஒவ்வொரு நிறத்தின் கோப்புறையிலிருந்தும் முதல் இரண்டு பதிவுகளை எடுத்து, எண் வைத்துக் கலைக்கும்படி பத்து வரிப் புரோகிராம் எழுதிவிட்டாள். எது எதுவென்று அவளுக்கே தெரியாது. ஹெட்போன் ஒன்றுதான், அது கேட்பவர் காதில்.

"என்னை பிஸ்கட்டுன்னு நெனச்சிட்டியா?" என்றாள் அண்ணி.

"பத்துக்கு மார்க் போடுங்க அண்ணி. யோசிக்காதீங்க."

"நடுவுல தண்ணி குடிக்கணுமா?"

"குடிக்கலாம். பிஸ்கட்டுக்குக் குடிப்பாங்க."

417-க்கு நாலு மார்க். 862-க்கு ஆறு. 235-க்கு ஐந்து. 590-க்கு ஆறு. ஒவ்வொன்றைக் கேட்கும்போதும் அண்ணி முகத்தைச் சுளித்தாள். பதிவில் தன் குரலைக் கேட்டால் அவளுக்கு எப்போதும் அப்படித்தான். பஸ் நிலையத்து ஒலிபெருக்கியின் கீழே நிற்கவே மாட்டாள்.

743 வந்தது. சுளித்த முகம் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக விரிந்தது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு வரி முடிந்ததும் கையைக் காட்டினாள், இன்னொரு தடவை. மறுபடியும் இன்னொரு தடவை.

"இதுதான்" என்றாள். "இதுதான் மியூட்டு என் குரல். எனக்கு உள்ள கேக்குற குரல். மத்ததெல்லாம் யாரோ."

தன் குரலை எவரும் சரியாகக் கேட்டதில்லை என்று மியூட் படித்திருக்கிறாள். மற்றவர் குரல் காற்றின் வழியாக வருகிறது. நம் குரல் எலும்பின் வழியாகவும் வருகிறது. அதனால் நமக்கு மட்டும் அது கனமாக, மெத்தென்று இருக்கும். அந்தக் குரலை வெளியே யாரும் கேட்டதே கிடையாது. அப்படியிருக்க, எந்த மைக்கும் அதைப் பிடித்துவிட முடியாதே என்று அவளுக்கு ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. ஆனால் அண்ணி பத்துக்குப் பத்து எழுதிவிட்டாள். கடைசி எண் 128-க்கு நாலு.

ஹெட்போனை வாங்கிக் கேட்ட அண்ணன் 743-லேயே நின்றுவிட்டான். "அடேயப்பா. நீ வீட்டுக்குள்ள முனகுவியே, அதே மாதிரி இருக்கு. எந்த மைக் இது?"

மியூட் விடைத்தாளைத் திறந்தாள். 743, பச்சை. 128-ம் பச்சை. ஒரே மைக், ஒரே பாட்டு, ஒரே இடைவெளி. ஒன்றுக்குப் பத்து, மற்றதற்கு நாலு. சோதனைக்கூடத்தில் இப்படி வந்தால் தட்டையே தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். அவள் பதிவு நேரத்தைப் பார்த்தாள். திங்கள்கிழமை, ஒன்று ஐம்பத்திரண்டு. அண்ணி வீட்டுக்குள் கால் வைத்தது இரண்டு மணிக்கு.

நேரத்தை இன்னொரு முறை பார்த்தாள்.

743 அவள் பாடியது. அழிக்காமல் விட்ட அந்தப் பதிவு பச்சைக் கோப்புறையில் முதலாவதாகக் கிடந்திருக்கிறது. பத்து வரிப் புரோகிராம் சொன்னதைச் செய்துவிட்டது.

"என்ன மைக்குன்னு கேட்டா பேயறைஞ்ச மாதிரி நிக்குது பாரு" என்றான் அண்ணன்.

"பச்சை" என்றாள் மியூட். "ஆனா இன்னொரு பச்சைக்கு நாலு மார்க்தான். மஞ்சள் ரெண்டுக்கும் ஆறு, ஆறு. மஞ்சள்தான் நிலையா…"

"ஏன்டி, பத்து பெருசா ஆறு பெருசா? நீதானே சயின்ஸ் படிச்சவ."

"அந்த நாலு முதல் தடவை பாடினதா இருக்கும்" என்றாள் அண்ணி. "தொண்டை சூடாகியிருக்காது." அதற்குள் அவள் தோழிக்குப் போன் போட்டுவிட்டாள். "அடியே, ஒரு மைக் கெடைச்சிருக்குடி. பதினொரு வருஷமா உள்ள ஒளிஞ்சிட்டிருந்ததைக் கழுத்தைப் புடிச்சு வெளியில தள்ளிடுச்சு."

அந்தச் சிரிப்புக்கு நடுவில் போய், அது நீங்கள் இல்லை என்று எப்படிச் சொல்வது? மியூட் ஹெட்போன் வயரைச் சுருட்டினாள். சொன்னால் இரண்டு உண்மைகளைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அண்ணியின் குரல் அதுவல்ல என்பது ஒன்று. தான் ஏழு வருடமாகச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதை எடுத்துக்கொண்டது இன்னொன்று. சொல்லாமலே காரியத்தை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். நாளைக்கு அண்ணியைப் பச்சையில் பாட வைத்தால் அது சரிவராது. சரிவராவிட்டால் அண்ணியே மஞ்சளுக்கு வந்துவிடுவாள். அளவுகள் பேசட்டும், நான் எதற்கு?

புதன்கிழமை அண்ணி விடுப்பு எடுத்துக்கொண்டாள். அண்ணன் பலகையை மாட்டினான். டெய்லர் அக்கா அன்று முன்கூட்டியே கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

பச்சை மைக் முன்னால் அண்ணி பதினொரு தடவை பாடினாள். மியூட் மைக்கைத் தள்ளி வைத்தாள், சாய்த்து வைத்தாள், நைலான் துணியை இரண்டு மடிப்பாக்கினாள். 'சாயங்காலம் சன்னல் சாத்தி' என்று தொடங்கியதுமே பழுக்கக் காய்ச்சிய இரும்பில் தண்ணீர் தெளித்தாற்போல் சீறியது. அண்ணியின் குரலில் இருக்கும் கூர்மையைப் பச்சை இரட்டிப்பாக்கிக் கொடுத்தது. கம்பீரமான குரலுக்கு அது ஏற்ற மைக் இல்லை. இதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

"மஞ்சள்ல ஒரு தடவை அண்ணி" என்றாள் மியூட்.

"அதேதான் பஸ் ஸ்டாண்டுல இருக்கு. அதே குண்டு. அதுல பாடினா அடுத்த வரியில நடைமேடை எண் சொல்லிடுவேன்."

"ஒரே ஒரு தடவை. எனக்காக."

நாத்தனார் இத்தனை பேசுவது அபூர்வம் என்பதால் அண்ணி தாலாட்டை முழுசாகப் பாடினாள். முடித்ததும் மியூட் அதைத் தன் பழைய செல்போனில் ஏற்றி, தலையணைக்குப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டாள். பிள்ளைகள் அப்படித்தான் கேட்கப் போகிறார்கள். சீறல் இல்லை. பிசிறு இல்லை. அண்ணியின் குரல் முழுசாக, உடம்போடு வந்து கட்டிலில் உட்கார்ந்தாற்போல் இருந்தது. இந்தக் குரல் சொன்னால் பிள்ளை நம்பும். எல்லாக் கதவும் பூட்டியிருக்கிறது, தூங்கலாம் என்று நம்பும். மியூட்டுக்குப் பதில் கிடைத்துவிட்டது. செயலிக்காரர்கள் யார் காதில் போட்டாலும் இது தேறும். அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் அண்ணி. "ஆனா நான் இல்ல இது. 743 வை."

743 ஓடியது. அண்ணி கேட்டாள். பன்னிரண்டாவது தடவையாகப் பச்சை முன்னால் போய் நின்றாள். குரலைச் சின்னதாக்கிப் பாடிப் பார்த்தாள். காற்றுதான் வந்தது. முனகினாள், இருமினாள். முதல்முறையாக அண்ணி தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"ரெண்டு நாளைக்கு முன்னாடி வந்துச்சே மியூட்டு. எங்க போச்சு?"

மைக்கின்மேல் பழி விழும் என்று மியூட் போட்ட கணக்கு தப்பாகிவிட்டது. பழி தொண்டையின்மேல் விழுந்தது.

அன்று சாயங்காலத்திலிருந்து அண்ணி பேசவில்லை. தொண்டைக்கு ஓய்வாம். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தாள். கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டாள். வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினாள். 'தட்டு எடுத்து வை.' 'ஃபேனைக் குறை.'

"ஒரு வீட்டுக்கு ஒரு மியூட்டு போதாதா?" என்றான் அண்ணன். கரண்டி தட்டில் படும் சத்தம் கேட்டது. இந்த வீட்டில் அது வரை கேட்காத சத்தம்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு அண்ணி செல்போனை மியூட்டிடம் நீட்டினாள். செயலிக்காரர்களுக்கு அனுப்ப வேண்டிய செய்தி. 'வணக்கம். என் குரல் முன்பு போல் இல்லை. முயன்று பார்த்தேன். வேறு பாடகியைப் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றி.' கூடவே ஒரு துண்டுச் சீட்டு. 'தப்பு இருந்தா திருத்து.'

மியூட் படித்தாள். மறுபடியும் படித்தாள். எழுத்தில் ஒரு தப்பும் இல்லை.

மணி அடித்தது. சவுண்ட் சர்வீஸ்காரர் இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார்.

"எதை வெச்சுக்கறீங்க?"

"பச்சையைத்தான்" என்றான் அண்ணன். சிவப்பையும் மஞ்சளையும் பெட்டிக்குள் வைத்தான். "உங்க மைக் என்ன பண்ணியிருக்கு, கேட்டுட்டுப் போங்க." வேண்டாம் என்று அண்ணி கையை ஆட்டுவதற்குள் 743-ஐ ஓடவிட்டான்.

முப்பது வருடமாக மேடைக்குப் பின்னால் நின்று கேட்டவர் அவர். தலையைச் சாய்த்து இரண்டு வரியையும் கேட்டார்.

"யார் பாடினது?"

"என் வீட்டுக்காரி."

அவர் அண்ணியைப் பார்த்தார். மஃப்ளரைப் பார்த்தார். "தினமும் பஸ் ஸ்டாண்டுல உங்க குரலைக் கேட்டுத்தாம்மா வண்டி புடிக்கிறேன். அது ஒரு குரல். இது வேற."

"மைக் மாத்திடுச்சுண்ணே" என்றான் அண்ணன்.

"மைக்குக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது தம்பி. வாடகைக்கு விடறவன், நானே சொல்றேன். இருக்கறதைப் பெருசாக்கும், சின்னதாக்கும். இல்லாததை எங்கேருந்து கொண்டுவரும்?"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். இருந்தது போய்விட்டது என்றுதான் அவளுக்கு அது கேட்டது. மியூட்டின் கையிலிருந்த செல்போனை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். அனுப்புவதற்கு ஒரு விரல் தொட்டால் போதும்.

மியூட் போனைக் கொடுக்கவில்லை. தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். இன்னொரு கையைப் பெட்டிக்குள் விட்டு மஞ்சள் மைக்கை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதன் கனத்துக்கு மேசை 'டொக்' என்றது.

"இது இங்க இருக்கட்டும். பச்சையை எடுத்துக்கோங்க" என்றாள்.

"யாரைக் கேட்டு?" என்றான் அண்ணன்.

"யாரையும் கேக்கல. நேத்து மஞ்சள்ல பாடினதைத்தான் அனுப்பப் போறோம். அது தேறும். மூணு நாளா அளந்திருக்கேன், எனக்குத் தெரியும்."

தங்கை ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசி அண்ணன் கேட்டதில்லை. அண்ணி மஃப்ளரைத் தளர்த்தினாள். பதினாறு மணி நேரம் கழித்து அவள் குரல் வெளியே வந்தது. ஒரு கீறலும் இல்லை. கணீரென்று இருந்தது.

"மஞ்சள்ல நான் பாடினது நல்லா இருக்குன்னு நானும்தான் சொன்னேன். ஆனா அந்த 743? அப்படி ஒரு தடவை பாடினவ மறுபடியும் ஏன் பாட முடியல? என் தொண்டைக்கு என்னமோ ஆயிருக்கு. என்னைச் சமாதானம் பண்ணாத."

"உங்க தொண்டைக்கு ஒண்ணும் ஆகல அண்ணி."

"அப்போ?"

மியூட் சவுண்ட் சர்வீஸ்காரரைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். பிறகு அண்ணியை நேராகப் பார்த்தாள். நேராகப் பார்ப்பது நினைத்த அளவு கஷ்டமாக இல்லை.

"நீங்க எத்தனை தடவை பாடினாலும் 743 வராது. அதைப் பாடினது நீங்க இல்ல" என்றாள். "நான்."